திருகுக்கு ஒரு எண், பாகத்துக்கு ஒரு எண்: பழைய தூண்டில் ரீல்கள் பற்றிச் சில குறிப்புகள்

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் செய்த தூண்டில் ரீல் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், திருகுகளில் பொடிப்பொடியாக எண்கள் பொறித்திருப்பது தெரியும். ஒவ்வொரு திருகுக்கும் ஓர் எண். அது இறங்க வேண்டிய துளைக்குப் பக்கத்திலும் அதே எண். மூன்றாம் எண் திருகை நான்காம் எண் துளையில் போட்டால் சரியாக உட்காராது.

அதே நாட்டில் 1930-களுக்குப் பிறகு வந்த மலிவு விலை ரீல்களுக்கும் எண்கள் உண்டு. அவை இருப்பது பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாளில். 5-60, 6-60, 13-60 என்று போகும். முதல் வகை எண் ‘இந்தத் துளைக்கு இந்த ஒரு திருகு மட்டும்தான்’ என்கிறது. இரண்டாம் வகை எண் ‘இது போனா போகட்டும், இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு’ என்கிறது. சில வருஷமாக வார இறுதிகளில் பழைய ரீல்களைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் எந்த ரீல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது ஸ்பின்னிங் ரீல். அதில் ஸ்பூல் சுழலாது. ஒரு கம்பி வளையம் அதைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றும். அதற்கு முந்தைய வகையில் ஸ்பூலே சுழலும். காத்தாடி நூல் சுற்றும் உருளையைத் தூண்டில் கழியின் மேல் குறுக்காகப் பொருத்தி, பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. இதைத்தான் கன்வென்ஷனல் ரீல் என்கிறார்கள். பெரிய கடல் மீன் பிடிப்பவர்கள் இன்றும் இதைத்தான் நம்புகிறார்கள்.

நான் மெக்கானிக்கலில் பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போன பெருங்கூட்டத்தில் ஒருவன். இப்போது இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே கோடைக்காலச் சந்தைகளிலும், வீட்டைக் காலி செய்கிறவர்கள் வாசலில் பரப்பி விற்கும் சாமான்களிலும் ஒரு பழைய ரீலாவது கண்ணில் படும். பத்து, பதினைந்து டாலருக்குக் கொடுத்துவிடுவார்கள். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் வைஸில் இரும்புத் துண்டைக் கட்டி அரத்தால் ராவியதற்கு இருபது வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு பயன் கிடைத்திருக்கிறது.

ரீல் என்ற கருவி சீனாவில் மிகப் பழையது. தென் சோங் அரசவையில் இருந்த மா யுவான் என்ற ஓவியர் 1195-ஐ ஒட்டி வரைந்த ஓர் ஓவியத்தில், குளிர்கால ஏரியில் சின்னப் படகில் தன்னந்தனியாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். அவர் கையிலுள்ள கழியில் சக்கரம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் ரீலைப் பற்றிய முதல் குறிப்பு தாமஸ் பார்க்கர் 1651-ல் வெளியிட்ட தூண்டில் புத்தகத்தில் இருக்கிறது. அப்போதெல்லாம் நூலைச் சேர்த்து வைக்க ஓர் இடம் என்பதற்கு மேல் ரீலுக்கு வேலை கிடையாது. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் பல முறை சுற்றும் பல்சக்கர ரீல்கள் 18-ம் நூற்றாண்டிலேயே லண்டனில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனா அங்கே அவை நல்ல பெயர் எடுக்கவில்லை. பல் தேய்ந்தது, நடுவில் மாட்டிக்கொண்டது.

அதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் கடிகாரக்காரர்கள். கென்டக்கியில் பாரிஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே கடிகார வேலையும் வெள்ளி வேலையும் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்சக்கர ரீல்களைச் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து ஆறுகளில் பாஸ் மீன் அதிகம். உயிருள்ள சின்ன மீனைக் கொக்கியில் மாட்டி வீசினால்தான் அது கடிக்கும். அவ்வளவு லேசான இரை தூரம் போக வேண்டுமென்றால் ஸ்பூல் ஊதினாலே சுற்றுகிற மாதிரி இருக்கணும். அது கடிகாரக்காரருக்குக் கை வந்த வேலை. அவருக்குப் பின் ஃபிராங்க்ஃபர்ட் என்ற ஊரில் ஜோனதன் மீக், பெஞ்சமின் மீக் என்ற சகோதரர்களும், அவர்களிடம் வேலை கற்ற பெஞ்சமின் மைலமும் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள். கைப்பிடி ஒரு சுற்று, ஸ்பூல் நாலு சுற்று என்பது கென்டக்கி ரீலின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

உடம்பு பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர். நம் வீடுகளில் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் செய்கிற அதே ஜெர்மன் சில்வர்தான்: செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில் வெள்ளி இருக்கிறதே தவிர உள்ளே ஒரு துளிகூடக் கிடையாது.

சரி, திருகில் ஏன் எண்? அந்தக் காலத்தில் திருகின் புரி இத்தனை ஆழம், இத்தனை சாய்வு, ஓர் அங்குலத்துக்கு இத்தனை என்று எல்லோருக்கும் பொதுவான அளவு அமெரிக்காவில் கிடையாது. புரி வெட்டும் கருவியையும் அந்தந்தப் பட்டறையே செய்துகொள்ளும். ஒரே ஆள் ஒரே நாளில் வெட்டிய இரண்டு திருகுகள்கூட அச்சு அசலாக இருக்காது. அதனால் ஒவ்வொரு திருகையும் அதன் துளைக்கு ஏற்ப இழைத்து, தலையின் வெட்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கணும் என்பது வரை சரிபார்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து வைப்பார்கள். சுத்தம் செய்யப் பிரிக்கும்போது கலந்துவிடக் கூடாது இல்லையா. பெருமைக்காகப் பொறித்தது என்று இன்று சேகரிப்பாளர்கள் சிலாகிக்கிறார்கள். அதில் பெருமையும் உண்டுதான். ஆனா அடிப்படையில் அது பொது அளவு இல்லாத காலத்தின் தழும்பு.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-லேயே புரிக்கு ஒரு பொது அளவைச் சொல்லிவிட்டார். 55 டிகிரிக் கோணம், உச்சியும் அடியும் உருண்டையாக இருக்க வேண்டும். கேட்க எளிது, வெட்டுவது கஷ்டம். 1864-ல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் வில்லியம் செல்லர்ஸ் என்ற இயந்திரத் தொழிலதிபர் வேறு ஒன்றை முன்வைத்தார்: 60 டிகிரி, உச்சி தட்டையாக இருந்தால் போதும். அவர் வாதம் நேரடியானது. கெட்டிக்காரப் பட்டறைக்கு மட்டும் புரிகிற அளவு பொது அளவாக முடியாது, சாதாரணத் தொழிலாளி சாதாரணக் கருவியில் வெட்ட முடியணும். இரண்டு பக்கமும் 60 டிகிரியில் சந்திக்கும் முனையைத் தீட்டுவதும் சரிபார்ப்பதும் சுலபம். அமெரிக்கத் திருகுகளின் பொது அளவு இதிலிருந்துதான் வளர்ந்தது.

கென்டக்கி ரீல் அழகு. சந்தேகமே இல்லை. தொடக்ககால மீக் ரீல் ஒன்று இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. ஆனா அதன் ஐந்தாம் எண் திருகு தொலைந்துவிட்டால் உலகத்தில் வேறு எந்தத் திருகும் அங்கே போகாது. கடைசல் எந்திரத்தில் ஒருவர் புதிதாகக் கடைய வேண்டும். செய்தவர் உயிரோடு இருக்கும் வரை அவரிடம் கொண்டுபோனால் சரியாகும். அவர் போன பிறகு அது கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். கைவேலையின் உச்சம் என்று நாம் எதைக் கொண்டாடுகிறோமோ, பழுது பார்க்க அதுதான் ஆகக் கடினமானது.

கடல் மீனுக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவில் 1898-ல் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு சூரை மீன் ஒன்றைக் கழியும் ரீலும் வைத்தே பிடித்தார். சுமார் 83 கிலோ. அதே வருஷம் அங்கே டூனா கிளப் தொடங்கியது. அப்போதைய ரீலில் பிரேக் என்பது ஒரு தோல் துண்டு. ஸ்பூலில் சுற்றியிருக்கும் நூலின் மேல் அந்தத் தோலைக் கட்டை விரலால் அழுத்தணும். மீன் இழுத்துக்கொண்டு ஓடினால் ஸ்பூல் பின்னோக்கிச் சுழலும். அதோடு சேர்ந்து கைப்பிடியும் விசிறி மாதிரி பின்னோக்கிச் சுழலும். கையை எடுக்காதவர் விரல் முட்டிகள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். முட்டி உடைப்பான் என்றே அந்த ரீல்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு செல்லப்பெயர் உண்டு.

வில்லியம் போஷன் என்ற தூண்டில்காரருக்கு அதற்கு ஒரு வழி தோன்றியது. அதை ரீலாகச் செய்து கொடுத்தவர் நியூயார்க்கின் ஜூலியஸ் வாம் ஹோஃபி. 1913-ல் அந்த ரீலை வைத்து கேட்டலினாவில் 355 பவுண்டு வாள்மீன் ஒன்றை போஷன் பிடித்தார். அதுவரை தூண்டில் கழியில் யாரும் அந்த மீனைக் கரை சேர்த்ததில்லை. இன்றைக்கும் என் மேஜைக்கு வரும் ஒவ்வொரு ரீலுக்குள்ளும் இருப்பது அந்த யோசனைதான், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பெரிய பல்சக்கரத்தின் நடுவே ஒரு குழி. அதற்குள் வாஷர்கள் அடுக்காக இருக்கும். ஓர் உராய்வு வாஷர், ஓர் உலோக வாஷர், மறுபடி ஓர் உராய்வு வாஷர் என்று மாறி மாறி. உலோக வாஷர்களில் சிலவற்றுக்கு வெளிப்பக்கம் காது இருக்கும், அவை பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். மற்றவற்றின் நடுத்துளை வட்டமாக இல்லாமல் இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும், அவை கைப்பிடியின் தண்டோடு சேர்ந்து நிற்கும். கைப்பிடிக்கு அடியில் நட்சத்திர வடிவில் ஒரு திருகு. அதை இறுக்கினால் அடுக்கு முழுவதும் நெருங்கி, பல்சக்கரமும் தண்டும் ஒட்டிக்கொள்ளும். தளர்த்தினால் வழுக்கும். மீன் இழுக்கும்போது ஸ்பூலும் பல்சக்கரமும் சுற்றும், ஆனா கைப்பிடி நிற்கும். அது பின்னால் போகாமல் பிடித்துக்கொள்வது ஒரு சின்ன உலோக நாக்கு. ஆங்கிலத்தில் அதற்கு ‘டாக்’, நாய் என்று பெயர். பல்லில் கடித்துக்கொண்டு விடாது என்பதால் பொருத்தம்தான்.

நட்சத்திரத்தை எவ்வளவு இறுக்கியிருக்கிறோமோ அந்த அளவு விசைக்கு மேல் மீன் இழுத்தால் நூல் அறுவதற்குப் பதில் வாஷர் வழுக்கிக் கொடுக்கும். மின்சாரத்துக்கு ஃபியூஸ் மாதிரி. ஒரே வித்தியாசம், இது எரிந்து போகாமல் திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

இப்போது மறுபடி பிலடெல்பியா. ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே குடியேறியவர் ஆட்டோ ஹென்சே. ஓஷன் சிட்டி என்ற ரீல் கம்பெனியில் இயந்திர வேலை பார்த்தவர். 1932-ல் வெளியே வந்து சொந்தமாக பென் என்ற பெயரில் கம்பெனி தொடங்கினார். அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி உச்சத்தில் இருந்த வருஷம் அது. ஆடம்பரச் சாமான் செய்யத் துணிகிற நேரமா? இல்லை. அவர் செய்தது கடற்கரையில் நின்றும், ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு போகும் படகில் ஏறியும் மீன் பிடிக்கிற சாதாரண ஆளுக்கான ரீல். பக்கத் தகடு பேக்கலைட். பழைய கறுப்புத் தொலைபேசியிலும் மின் ஸ்விட்சிலும் பார்த்திருப்பீர்கள், அதேதான். உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது, அச்சில் வார்த்தால் ஆயிரம் தகடும் ஒரே மாதிரி வரும். 1936-ல் வந்த செனட்டர் வரிசைதான் பெரிய மீன் பிடிக்கிறவர்களிடமும் அவர்கள் பெயரைக் கொண்டுசேர்த்தது. சிறியது 1/0-இல் தொடங்கி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய 16/0 வரை போகும்.

ஆனா என் பார்வையில் அந்தக் கம்பெனியின் பெரிய சாதனை ரீலோடு வந்த தாள்தான். ஒரு ரீலை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் காற்றில் மிதக்க விட்ட மாதிரி ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். பெட்டியில் கூடவே ஒரு சின்ன ஸ்பானரும் இருக்கும். ‘நீயே பிரி’ என்று கம்பெனியே சொல்கிறது. இன்று நான் வாங்கும் மின்னணுச் சாமான்களில், பிரித்தால் வாரண்டி போகும் என்றுதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

அந்த எண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கோட்டுக்கு முன்னால் இருப்பது பாகத்தின் வகை. 5 என்றால் பெரிய பல்சக்கரம். 6 என்றால் உராய்வு வாஷர். 13 என்றால் ஸ்பூலோடு சேரும் சிறிய பல்சக்கரம், அதாவது பினியன். 15 கைப்பிடி, 29 ஸ்பூல். கோட்டுக்குப் பின்னால் இருப்பது அந்தப் பாகம் எந்த மாடலைச் சேர்ந்தது என்பது. 60 என்பது லாங் பீச் என்ற ரீல். ஆக, 13-60 என்றால் லாங் பீச்சின் பினியன். வேறு ஒரு ரீலுக்கும் அதே பினியன் பொருந்தும் என்றால் அதற்குப் புது எண் கொடுக்க மாட்டார்கள். அந்த ரீலின் தாளிலும் 13-60 என்றே போடுவார்கள். தாளைப் பார்த்ததுமே எந்த ரீல் எந்த ரீலுக்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும். ஒரு கோட், அதில் ஒரு வம்சாவளி. இப்படி ஒரு பெயரிடும் முறையை எங்கள் டீமில் கொண்டுவர நான் பட்ட பாடு தனிக் கதை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் 6-60. பழைய ரீல்களைத் திறந்தால் உராய்வு வாஷர் தோலாகவோ, பிரேக் லைனிங் மாதிரி நார் கலந்த பொருளாகவோ இருக்கும். பிற்காலத்தில் பென் இதை எச்டி-100 என்ற கார்பன் ஃபைபருக்கு மாற்றியது. பொருள் முழுக்க வேறு, நடத்தை பல மடங்கு மேல். ஆனா எண் 6-60-தான். அளவு மாறாததால் எண்ணும் மாறவில்லை. அதனால் தாத்தா காலத்து ரீலுக்குள் பேரன் காலத்து பிரேக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரோடு மாட்டிவிட முடிகிறது. கென்டக்கிக்காரர்களின் கைவேலைக்கு முன் இந்தத் தொழிற்சாலைச் சரக்கு ஒன்றும் நிற்காது, ஆனா இந்த ஒரு விஷயத்தில் அவர்களால் கனவுகூடக் கண்டிருக்க முடியாது.

இனி மேஜை வேலை. பழைய ரீலைக் கொல்வது வயது இல்லை, உப்பு. அதுவும் முக்கியமாக இரண்டு இடத்தில்: ரீலைக் கழியோடு பிடித்து நிறுத்தும் கவ்வியின் அடியிலும், ஸ்பூல் முனைகளிலும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கும். பித்தளையின் மேல் குரோம் முலாம் பூசியிருப்பார்கள். முலாமில் ஊசிமுனைத் துளை விழுந்தால் போதும், உள்ளே பச்சைக் களிம்பு ஏறி முலாம் கொப்புளம் மாதிரி எழும்பும். அலுமினியமும் பித்தளையும் தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி, கரைவது அலுமினியம்.

களிம்பை எடுக்க இங்கே எல்லோரும் சொல்வது வினிகரும் தண்ணீரும் சரிபாதி. நம் வீடுகளில் குத்துவிளக்குக்குப் புளி போடுகிறோமே, வேதியியல் ஒன்றுதான், அமிலம் மட்டும் வேறு. புளியும் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனா ராத்திரி ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி, மேல்பரப்பு இளஞ்சிவப்பாகச் செம்பு நிறம் காட்ட ஆரம்பிக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, கடைசியில் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தால் போதும்.

திருகைக் கழற்றுவதில்தான் பொறுமை வேணும். சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிவாக இருக்கும்; அழுத்தித் திருப்பினால் வெட்டின் உதட்டைக் கடித்துவிடும். துப்பாக்கி பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும், இரு பக்கமும் இணையாக இழைத்த முனை வேண்டும். நகராத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்கலாம். பேக்கலைட் தகடு என்பதால் சுத்தியலைக் கிட்டே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. கைப்பிடிப் பக்கத் தகட்டின் உள்ளே, பினியனைத் தூக்கி இறக்கும் கவையின் அடியில் இரண்டு குட்டி ஸ்பிரிங்குகள் ஒளிந்திருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றுகிறவர்கள் உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பழைய நார் வாஷரை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் கால பிரேக் லைனிங் வகைப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கம். அதனால் நான் அதைச் சுரண்டுவதோ தேய்ப்பதோ காற்று அடித்து ஊதுவதோ இல்லை. எண்ணெயில் நனைத்து, ஈரத்தோடு எடுத்து, பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துவதோடு சரி. புதுக் கார்பன் வாஷருக்கு, டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லத் தடவினால் வழுக்கல் சீராக இருக்கும், உப்பும் உள்ளே வராது. பல்சக்கரத்துக்கும் திருகுகளுக்கும் படகு எஞ்சினுக்கான கிரீஸ். ஸ்பூல் முனைகளுக்கு மட்டும் லேசான எண்ணெய், ஒரு சொட்டு; அங்கே கிரீஸ் அடைத்தால் வீசும்போது ஸ்பூல் மாட்டுவண்டி மாதிரி சுற்றும். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் பெரியதையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றணும். தேய்ந்ததோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் கெடும்.

இன்னொரு எதிரி உள்ளேயே இருக்கிறது: நைலான். 1930-களின் ரீல்கள் லினன் நூலுக்காகச் செய்தவை. அந்த நூலை ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் காயவைக்கணும், இல்லாட்டி இற்றுப்போகும். போருக்குப் பின் நைலான் நரம்பு வந்து அந்த வேலையை ஒழித்தது. ஆனா நைலான் இழுத்தால் நீளும். பெரிய மீனோடு மல்லுக்கட்டி இழுபட்ட நிலையிலேயே சுற்றிக்கொள்ளும் நரம்பு, பிறகு மெல்லச் சுருங்கப் பார்க்கும். நூற்றுக்கணக்கான சுற்று, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நெருக்கும்போது ஸ்பூலின் பக்கத் தட்டுகள் வெளியே பிதுங்கி உடையும். பிளாஸ்டிக் ஸ்பூல் உள்ள பழைய ரீலில் தயவுசெய்து நைலானை நிரப்பாதீங்க. உலோக ஸ்பூல் கிடைத்தால் மாற்றுங்கள். எண் 29.

இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு செனட்டர் 4/0 கொண்டுவந்தார். அவருடைய அப்பாவுடையது. அப்பா போன பிறகு கராஜில் கிடந்திருக்கிறது. “புதுசு மாதிரி ஆக்கிடாதே, அப்பாவுக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்” என்றார். பிரித்தேன். வாஷர்கள் அப்பளம் மாதிரி விறைத்திருந்தன, நாக்கு முனை மழுங்கியிருந்தது, மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. இடது பக்கத் தகட்டைத் துடைத்தபோது ஊசியால் கீறிய ஒன்பது இலக்கம் தெரிந்தது. அவர் அப்பாவின் சோஷியல் செக்யூரிட்டி எண்.

இது அபூர்வம் இல்லை. 1970-களில் திருட்டைத் தடுக்க, வீட்டுச் சாமான்களில் அடையாள எண்ணைப் பொறித்து வையுங்கள் என்று அமெரிக்கப் போலீஸ் துறைகளே ஊர் ஊராகச் சொல்லி, பொறிக்கும் கருவியையும் இரவல் கொடுத்தன. இன்று அந்த எண்ணை வைத்து ஒருவர் பெயரில் கடனே வாங்கிவிடலாம். அதனால் சந்தையில் வாங்கும் ரீலைப் படம் எடுத்துப் போடும் முன் நான் தகட்டைத் திருப்பிப் பார்த்துவிடுகிறேன். கென்டக்கிக்காரர் திருகில் பொறித்த எண்ணையும் பிலடெல்பியாக்காரர் தாளில் அச்சடித்த எண்ணையும் தேடிப் போனவனுக்கு, ரீல்காரர்கள் யாரும் திட்டமிடாத இந்த மூன்றாவது எண் கொஞ்சம் எதிர்பாராதது.

சிக்கல் என்னவென்றால், அதே தகட்டில் கிளிக் பொத்தானிலிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல். எபாக்ஸி வைத்து ஒட்டலாம், ஆனா இருபது கிலோ மீன் இழுக்கும்போது அதை நம்ப முடியாது. தகட்டுக்கும் எண் இருக்கிறது, 27-113. மாற்றிப் போட்டால் ரீல் மறுபடி கடலுக்குப் போகும், ஆனா கீறிய எண் போய்விடும்.

புதிய தகடு கிடைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஹென்சே குடும்பம் கம்பெனியை கே2 நிறுவனத்துக்கு விற்றது. 2007-ல் அது ஜார்டன் கைக்குப் போனது, அதன் பிறகும் கை மாறியது. பழைய மாடல்களின் பாகங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து விழுந்துகொண்டிருக்கின்றன. வாஷரும் நாக்கும் பிரச்சினை இல்லை, வெளி ஆட்களே செய்து விற்கிறார்கள். பென்னுக்கு வெளியே இப்படி ஒரு சின்னத் தொழில் வளர்ந்தது புதிதும் இல்லை. கலிஃபோர்னியாவில் கார்ல் நியூவெல் பென் ரீல்களில் மாட்டுவதற்கென்றே அலுமினிய ஸ்பூலும் சட்டமும் செய்து விற்று, அதிலிருந்து வளர்ந்து பிறகு சொந்த ரீலே கொண்டுவந்தார். பாகங்களின் அளவு மாறாமல் இருந்ததால்தான் அவரால் அது முடிந்தது. ஆனா பேக்கலைட்டை அச்சில் வார்ப்பது வீட்டுப் பட்டறைச் சமாச்சாரம் இல்லை. உலோகத்தில் கடைந்த தகடு கிடைக்கும், விலை ரீலையே விட அதிகம்.

நான் வேறு வழியில் போனேன். சந்தையில் இன்னொரு 4/0 வாங்கினேன்: கைப்பிடி இல்லை, ஸ்பூல் கோணல், பத்து டாலர். இடது தகடு மட்டும் முழுசு. இரண்டு தகட்டையும் அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கடலுக்குப் போகும் மாதங்களுக்கு நல்ல தகட்டைப் போடு, குளிர்காலத்தில் ரீல் அலமாரியில் இருக்கும்போது அப்பாவுடையதைப் போடு என்றார். வருஷத்துக்கு இரண்டு தடவை வேலை எனக்கு. அந்த ரீலில் திருகுகள் இரண்டு நீளத்தில் இருக்கும். குட்டையும் நெட்டையும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், எந்தத் திருகு எந்தத் துளை என்று பார்க்கவே வேண்டாம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

போன அக்டோபரில் பழைய தகட்டை மாட்டிக் கொடுத்தபோது நட்சத்திரத்தை முழுக்கத் தளர்த்தி வைக்கச் சொன்னேன். இறுக்கியபடியே மாதக்கணக்கில் விட்டால் வாஷர்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். அவர் ஏற்கெனவே தளர்த்தியிருந்தார்.